நடுத்தரக் கூட்டமைப்புகள் ஏன் ஒன்றிணைய முடிவதில்லை? அமெரிக்கக் கல்லூரி புட்போல் களத்திலிருந்து சில கணக்குகள்

2023 செப்டெம்பர் 1ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் மேற்குக் கரையில் நூறு ஆண்டுகளுக்கு மேல் இயங்கிவந்த ஒரு விளையாட்டுக் கூட்டமைப்பில் இரண்டு பல்கலைக்கழகங்கள் மட்டுமே மிஞ்சின. 1915இல் தொடங்கிய பாரம்பரியத்தைக் கொண்ட ‘பக்-12’ கூட்டமைப்பின் பன்னிரண்டு உறுப்பினர்களில் பத்துப் பேர் வேறு கூட்டமைப்புகளுக்குப் போவதாக அறிவித்துவிட்டிருந்தனர். கைவிடப்பட்டவை ஒரேகன் ஸ்டேட், வொஷிங்டன் ஸ்டேட் ஆகிய இரண்டும். ஒன்று கொர்வாலிஸ் என்ற சிறு நகரத்தில் இருக்கிறது. மற்றையது கோதுமை வயல்களுக்கு நடுவே புல்மன் என்ற இன்னொரு சிறு நகரத்தில்.

அந்த இரண்டும் அதன் பிறகு செய்தவை, அவற்றுக்குக் கீழ்த்தட்டில் இருந்த ஏனைய கூட்டமைப்புகள் அதற்கு ஆற்றிய எதிர்வினை, நீதிமன்றம்வரை சென்ற பணச் சண்டை ஆகியவற்றை வெறும் விளையாட்டுச் செய்தியாக மட்டும் வாசிக்கவேண்டியதில்லை. பெரியவர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட பின்னர், நடுவில் நிற்கும் சிறியவர்கள் ஒன்றாகச் சேர்ந்தால் பலம் கூடுமா என்ற கேள்விக்கு, பணத்தையும் ஒப்பந்தங்களையும் வைத்துத் துல்லியமாக விடை தேடக்கூடிய அரிய களம் இது. கடந்த முப்பது ஆண்டுகளில் அங்கே இந்தப் பரிசோதனை ஒருமுறை அல்ல, நான்கு முறை நடந்திருக்கிறது.

ஆட்டமும் அதன் அதிகாரமும்

இங்கே பேசப்படுவது நாம் அறிந்த உதைபந்தாட்டம் அல்ல. றக்பிக்குக் கிட்டிய அமெரிக்கன் புட்போல். அந்த நாட்டில் பல்கலைக்கழக அணிகள் ஆடும் போட்டிகளை ஒரு இலட்சம் பேர்வரை மைதானத்தில் அமர்ந்து பார்ப்பதுண்டு. பல்கலைக்கழகங்கள் தனித்தனியாக அல்லாமல் கூட்டமைப்புகளாகவே இயங்குகின்றன. யார் யாருடன் ஆடுவது என்பதைக் கூட்டமைப்பு தீர்மானிக்கிறது. தொலைக்காட்சி உரிமையை உறுப்பினர்கள் சார்பில் விற்கிறது. கிடைக்கும் பணத்தைப் பங்கிடுகிறது. ஆகவே ஒரு பல்கலைக்கழகம் எந்தக் கூட்டமைப்பில் இருக்கிறது என்பதே அதன் வருமானத்தையும் அந்தஸ்தையும் தீர்மானிக்கிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1984வரை கல்லூரி புட்போல் ஒளிபரப்பு முழுவதையும் தேசிய கல்லூரி விளையாட்டுச் சங்கமே கட்டுப்படுத்தியது. எத்தனை போட்டிகள் ஒளிபரப்பாகலாம், எந்த அணி எத்தனை தடவை திரையில் தோன்றலாம் என்பதற்கெல்லாம் வரம்பு இருந்தது. ஒக்லஹோமா, ஜோர்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் அந்த வருடம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த ஏகபோகம் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. விளைவாகச் சந்தை திறந்தது. சந்தை திறந்தபோது பெரியவர்களுக்குத் தாங்கள் பெரியவர்கள் என்பதன் விலை தெரியவந்தது.

இன்றைய நிலை இதுதான். பதினெட்டு உறுப்பினர்களைக் கொண்ட ‘பிக் டென்’ கூட்டமைப்பு 2022இல் அறிவித்த ஏழாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் பெறுமதி 7 பில்லியன் டொலருக்கும் அதிகம். பதினாறு உறுப்பினர்களைக் கொண்ட தென்கிழக்குக் கூட்டமைப்பு அதற்கு நிகரான இடத்தில் இருக்கிறது. இவற்றுக்கு அடுத்தபடியில் ‘பிக் 12’, அத்லாந்திக் கரைக் கூட்டமைப்பு என்பன. அதற்குக் கீழே நடுத்தரக் கூட்டமைப்புகள்: மவுன்டன் வெஸ்ட், அமெரிக்கன், சன் பெல்ட், கொன்பரன்ஸ் யூ.எஸ்.ஏ., மிட்-அமெரிக்கன். மவுன்டன் வெஸ்ட் 2020இல் செய்துகொண்ட ஆறாண்டு ஒப்பந்தத்தின் மொத்தப் பெறுமதி 270 மில்லியன் டொலர். ஓர் உறுப்பினருக்கு வருடத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 4 மில்லியன். மேலே இருப்பவர்களின் பங்கு இதன் பல மடங்கு.

இந்த இடைவெளியைப் பார்க்கும் எவருக்கும் முதலில் தோன்றும் யோசனை, இந்த நடுத்தரக் கூட்டமைப்புகள் ஒன்றிணைந்தால் என்ன என்பதுதான். இரண்டு கூட்டமைப்புகள் சேர்ந்தால் இருபதுக்கும் மேற்பட்ட அணிகள், பல மாநிலங்கள், பல மில்லியன் பார்வையாளர்கள். தொலைக்காட்சி நிறுவனங்களுடன் தலைநிமிர்ந்து பேசலாம் அல்லவா?

முதல் பரிசோதனை: 1996

1996இல் வெஸ்டர்ன் அத்லெட்டிக் கூட்டமைப்பு இதைத்தான் செய்தது. டெக்சாஸ் மாநிலத்தை மையமாகக் கொண்ட பழம்பெரும் தென்மேற்குக் கூட்டமைப்பு அந்த வருடம் கலைந்தது. அதன் பலமான நான்கு உறுப்பினர்கள் மேலே ஏறிப் போக, கைவிடப்பட்ட ரைஸ், எஸ்.எம்.யு., ரி.சி.யு. ஆகிய மூன்றையும் வெஸ்டர்ன் சேர்த்துக்கொண்டது. துல்சா, லாஸ் வேகாஸின் யு.என்.எல்.வி., சான் ஹோசே ஸ்டேட் என்பனவும் வந்தன. பத்தாக இருந்தது ஒரே வருடத்தில் பதினாறானது. ஹவாய்த் தீவிலிருந்து ஒக்லஹோமாவின் துல்சாவரை ஒரே கூட்டமைப்பு. அந்தக் காலத்தில் நாட்டிலேயே மிகப் பெரியது.

பதினாறு அணிகளை நான்கு நான்காகப் பிரித்து, அந்தப் பிரிவுகளை மாற்றி மாற்றி இணைத்தார்கள். விளைவு, தலைமுறைகளாக ஒருவரோடு ஒருவர் ஆடிவந்த அயலவர்கள் எல்லா வருடமும் சந்திக்க முடியாமல் போனது. பயணச் செலவு ஏறியது. வருமானமோ பதினாறாகப் பிரிந்தது.

எல்லாவற்றையும்விட ஏமாற்றமளித்தது முதல் வருடத்திலேயே நடந்தது. அந்தப் பருவத்தில் கூட்டமைப்பின் சம்பியனான பிரிகாம் யங் பல்கலைக்கழக அணி 13 வெற்றி, ஒரு தோல்வி என்ற நிலையில் நாட்டின் ஐந்தாவது இடத்தில் இருந்தது. அப்படியிருந்தும் மேல்தட்டுக் கூட்டமைப்புகள் தமக்குள் ஒழுங்கு செய்திருந்த பெரிய கிண்ணப் போட்டிகளில் அதற்கு இடம் தரப்படவில்லை. உறுப்பினர் தொகை பதினாறானதால் பேரம் பேசும் மேசையில் ஒரு கதிரைகூட மேலதிகமாகக் கிடைக்கவில்லை என்பது அப்போது வெளிச்சமானது.

1998 இளவேனிலில் ஐந்து பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் டென்வர் விமான நிலையத்தில் கூடினார்கள். அந்தச் சந்திப்பின் தொடர்ச்சியாக எட்டு உறுப்பினர்கள் வெளியேறினர். 1999இல் அவர்கள் தொடங்கிய புதிய அமைப்புத்தான் மவுன்டன் வெஸ்ட். வெஸ்டர்ன் கூட்டமைப்பு அதன் பின்னர் மீளவில்லை; 2012 பருவத்துடன் புட்போலையே நிறுத்தியது. ஆக, இன்று நடுத்தரக் கூட்டமைப்புகளில் முக்கியமானதாகக் கருதப்படும் மவுன்டன் வெஸ்ட்டே தோற்றுப்போன ஓர் இணைப்பிலிருந்து பிரிந்த குழந்தைதான்.

இரண்டாவது பரிசோதனை: 2012

பதின்மூன்று வருடங்களில் அதே மவுன்டன் வெஸ்ட் அதே பாதையில் திரும்பியது. 2011இல் யூட்டா பக்-12க்குப் போனது, பிரிகாம் யங் தனித்துப் போனது, ரி.சி.யு.வும் வெளியேறுவது உறுதியானது. மறுபுறம் கொன்பரன்ஸ் யூ.எஸ்.ஏ. அமைப்பிலிருந்து ஹூஸ்டன், எஸ்.எம்.யு., சென்ட்ரல் புளோரிடா என்பன விடைபெறத் தயாராகின. இரு தரப்பும் இரத்தம் சிந்திக்கொண்டிருந்த வேளையில், 2011 ஒக்டோபரில் புட்போலுக்காக மட்டும் இணைந்து செயற்படப்போவதாக அறிவித்தன. 2012 பெப்ரவரி 13ஆம் திகதி அதைவிட ஒரு படி மேலே போய், இரண்டு அமைப்புகளையும் கலைத்துவிட்டுப் பதினாறு பல்கலைக்கழகங்களுடன் புதிய கூட்டமைப்பொன்றை 2013இல் தொடங்கப்போவதாக அறிவித்தன. ஹவாயிலிருந்து கிழக்குக் கரையின் ஈஸ்ட் கரோலினாவரை ஐந்து நேர வலயங்கள்.

அந்தப் புதிய கூட்டமைப்பு ஒருநாளும் பிறக்கவில்லை. காரணம் விளையாட்டல்ல, சட்டமும் பணமும். ஒரு கூட்டமைப்பு கலைந்தால், விலகிப்போனவர்கள் செலுத்தவேண்டிய கட்டணத்தை வசூலிக்கும் உரிமைக்கு என்ன நடக்கும்? தேசியக் கூடைப்பந்தாட்டத் தொடரில் முன்பு ஈட்டிய பங்குகளுக்காகப் பல வருடங்களுக்குத் தவணையாக வரும் பணம் யாருக்கு? இரண்டு அமைப்புகளுக்கும் தனித்தனியாக இருந்த தொடருக்கான நேரடி அனுமதி ஒன்றாகக் குறைவதை யார் தாங்குவது? விடைகள் சாதகமாக இல்லை. சில மாதங்களுக்குள் மவுன்டன் வெஸ்ட் யூட்டா ஸ்டேட்டையும் சான் ஹோசே ஸ்டேட்டையும் வெஸ்டர்ன் கூட்டமைப்பிலிருந்து எடுத்துக்கொண்டு தன் வழியில் போனது. கொன்பரன்ஸ் யூ.எஸ்.ஏ.வும் தனக்குக் கீழே இருந்த அமைப்புகளிலிருந்து ஆட்களைச் சேர்த்தது. ஒன்றிணைவதாகச் சொன்ன இருவரும், தம்மைவிட மெலிந்தவர்களைப் பிடுங்கித் தத்தமது ஓட்டைகளை அடைத்துக்கொண்டார்கள்.

அன்று இணைப்புக்குச் சம்மதித்த பதினாறின் இன்றைய நிலையைப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகும். கொன்பரன்ஸ் யூ.எஸ்.ஏ. பக்கமிருந்து சம்மதித்த எட்டில் ஈஸ்ட் கரோலினா, டியூலேன், துல்சா, ரைஸ், அலபாமா-பேர்மிங்ஹாம் என்பன இன்று அமெரிக்கன் கூட்டமைப்பில். மார்ஷல், சதர்ன் மிசிசிப்பி என்பன சன் பெல்ட்டில். கடைசியாக நின்ற டெக்சாஸ்-எல் பாசோவும் 2026இல் மவுன்டன் வெஸ்ட்டுக்குப் போகிறது. எட்டில் ஒன்றுகூட அங்கே மிஞ்சவில்லை.

மூன்றாவது: எடுபடாமல் போன ஒரு யோசனை

2021இல் அமெரிக்கன் கூட்டமைப்பிலிருந்து ஹூஸ்டன், சின்சினாட்டி, சென்ட்ரல் புளோரிடா ஆகிய மூன்றையும் ‘பிக் 12’ அழைத்துக்கொண்டது. அப்போது கொன்பரன்ஸ் யூ.எஸ்.ஏ.வின் ஆணையாளர் ஜூடி மக்லியோட், அமெரிக்கன், சன் பெல்ட் ஆகிய இரு அமைப்புகளின் ஆணையாளர்களுக்கும் ஒரு கடிதம் எழுதினார். மூன்று அமைப்புகளும் ஒன்றாக உட்கார்ந்து, உறுப்பினர்களைப் புவியியல் அடிப்படையில் மறுசீரமைப்போம். அயலவர் அயலவருடன் ஆடுவர். பயணச் செலவு குறையும். மாணவர்கள் வகுப்புகளைத் தவறவிடுவதும் குறையும் என்பதே அதன் சாரம்.

இந்த நான்கு முயற்சிகளிலும் மிக அறிவார்ந்த யோசனை இதுவே என்பது என் கணிப்பு. எவரையும் விழுங்காத, எவரையும் கைவிடாத திட்டம். ஆனால் பதில் வேறு வடிவில் வந்தது. அதே ஒக்டோபரில் அமெரிக்கன் கூட்டமைப்பு கொன்பரன்ஸ் யூ.எஸ்.ஏ.விலிருந்து ஆறு உறுப்பினர்களை அழைத்தது. சில நாட்களில் சன் பெல்ட் இன்னும் மூன்றை எடுத்தது. பதினான்காக இருந்த அமைப்பு ஐந்தாகச் சுருங்கியது. ஒற்றுமைக்குக் கடிதம் எழுதியவர் வீட்டிலேயே கொள்ளை நடந்தது.

இதை ஒழுக்கக்கேடு என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அமெரிக்கன் கூட்டமைப்பின் பக்கத்திலிருந்தும் பார்க்கவேண்டும். அது இ.எஸ்.பி.என். தொலைக்காட்சியுடன் பன்னிரண்டு வருடங்களுக்கு 1 பில்லியன் டொலர் பெறுமதியான ஒப்பந்தத்தில் இருந்தது. மூன்று பெரிய உறுப்பினர்களை இழந்து நிற்கும்போது அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்ற உடனடியாக ஆட்கள் தேவை. நீண்டகால நலனைப் பற்றிப் பேசும் கடிதமும் அடுத்த மாதச் செலவைப் பற்றிய கவலையும் ஒரே மேசையில் கிடந்தால் எது வெல்லும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

நான்காவது: இரண்டு பேரும் ஒரு பெயரும்

மீண்டும் 2023க்கு வருவோம். பக்-12இலிருந்து முதலில் போனவை லொஸ் ஏஞ்சல்ஸின் யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.யும், அறிவிப்பு 2022 ஜூன் 30இல் வந்தது. 2023 ஜூலையில் கொலராடோ. ஓகஸ்ட் 4ஆம் திகதி ஒரே நாளில் ஐந்து. இறுதியாக ஸ்டான்போர்ட்டும் கலிபோர்னியா பல்கலைக்கழகமும். பசுபிக் கரையில் இருக்கும் இந்த இரண்டும் அத்லாந்திக் கரையின் பெயரைக் கொண்ட கூட்டமைப்பில் போய்ச் சேர்ந்தன.

கைவிடப்பட்ட இருவரும் முதலில் செய்தது நீதிமன்றம் போனது. விலகுவதாக அறிவித்தவர்களுக்குக் கூட்டமைப்பின் நிர்வாக சபையில் வாக்குரிமை இல்லை. ஆகவே அமைப்பின் சொத்துக்கும் பெயருக்கும் எதிர்காலத்துக்கும் நாமே பொறுப்பு என்பது அவர்களது வாதம். 2023 நவம்பரில் வொஷிங்டன் மாநிலத்தின் விட்மன் மாவட்ட நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாக இடைக்காலத் தடையுத்தரவு வழங்கியது. டிசெம்பரில் மாநில உச்ச நீதிமன்றமும் அதை மீளாய்வு செய்ய மறுத்தது. அதன் பின்னர் விலகியவர்களுடன் இணக்கப்பாடு எட்டப்பட்டது.

மைதானத்தில் பலமற்ற இருவருக்குப் பேரம் பேசும் வலுவைத் தந்தது, ஒரு நூற்றாண்டு காலப் பெயரையும் அதற்குரிய நிதியையும் சட்டப்படி கையில் வைத்திருந்ததுதான். 2012இல் இரண்டு அமைப்புகள் தம்மைத் தாமே கலைத்துவிட்டு ஒன்றாக நினைத்துத் தோற்றன. 2023இல் இருவர் கலைய மறுத்து நின்று வென்றார்கள்.

அடுத்த கட்டத்தில்தான் இணைப்பு என்ற சொல் மீண்டும் வந்தது. இருவரும் 2024 பருவத்துக்காக மவுன்டன் வெஸ்ட்டுடன் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ஒவ்வொருவரும் ஆறு ஆட்டங்கள் ஆடுவதற்காக மொத்தம் 14 மில்லியன் டொலர். எதிர்காலத்தில் பன்னிரண்டு உறுப்பினர்களைக் கொண்ட மவுன்டன் வெஸ்ட் முழுமையாகவும் இந்த இருவரும் ஒன்றிணையலாம் என்ற பேச்சு அப்போது பரவலாக இருந்தது. அதே ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது: பக்-12 மவுன்டன் வெஸ்ட்டின் உறுப்பினர்களைத் தனித்தனியாக இழுத்தெடுத்தால் தண்டப்பணம் செலுத்தவேண்டும். முதலாவது உறுப்பினருக்கு 10 மில்லியன் டொலர். அடுத்த ஒவ்வொருவருக்கும் 5 இலட்சம் டொலர் கூடுதலாக.

2024 செப்டெம்பர் 12ஆம் திகதி பக்-12 போய்சி ஸ்டேட், கொலராடோ ஸ்டேட், பிரெஸ்னோ ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் ஆகிய நான்கையும் சேர்ப்பதாக அறிவித்தது. பதினொரு நாட்களில் யூட்டா ஸ்டேட்டும் வந்தது. ஐவருக்குமான தண்டப்பணம் 55 மில்லியன் டொலர். மறுநாளே, அந்த நிபந்தனை போட்டிச் சட்டத்துக்கு விரோதமானது என்று கூறி பக்-12 கலிபோர்னியாவில் வழக்குத் தாக்கல் செய்தது. பின்னர் விலகிப்போகும் பல்கலைக்கழகங்களும் விலகல் கட்டணத்தை எதிர்த்து நீதிமன்றம் போயின.

அதே நாட்களில் அமெரிக்கன் கூட்டமைப்பின் மெம்பிஸ், டியூலேன், சவுத் புளோரிடா, யு.ரி.எஸ்.ஏ. ஆகிய நான்கையும் பக்-12 கேட்டுப் பார்த்தது. அவை மறுத்துவிட்டன. தாம் செலுத்தவேண்டிய விலகல் கட்டணத்தையும் கிடைக்கக்கூடிய மேலதிக வருமானத்தையும் கூட்டிக் கழித்துப் பார்த்தபோது கணக்கு ஒத்துவரவில்லை. எட்டு உறுப்பினர் இல்லாவிட்டால் உயர்மட்டத்தில் கூட்டமைப்பு என்ற அந்தஸ்தே கிடையாது என்பதால் 2025 ஜூன் 30ஆம் திகதி டெக்சாஸ் ஸ்டேட் எட்டாவது புட்போல் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டது. 2026 ஜூலை 1 முதல் புதிய பக்-12 நடைமுறைக்கு வருவதாக ஏற்பாடு.

மவுன்டன் வெஸ்ட்டில் மிஞ்சியவர்களைத் தடுத்து நிறுத்தியதும் பணமே. வெளியேறுபவர்களிடமிருந்து வரவேண்டிய தொகையிலிருந்து, தங்கியிருப்போருக்குப் பெரிய பங்குகள் வாக்குறுதியளிக்கப்பட்டன. வராத பணத்தை வைத்து ஒற்றுமை வாங்கப்பட்டது என்று சொல்வது கடுமையாக இருக்கலாம். ஆனால் அந்தப் பணம்தான் நீதிமன்றத்தில் தகராறில் இருந்தது.

கூட்டினால் ஏன் கூடவில்லை?

நான்கு முயற்சிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் மூன்று காரணங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன.

முதலாவது, சராசரியின் சிக்கல். தொலைக்காட்சி நிறுவனம் விலை கொடுப்பது அணிகளின் எண்ணிக்கைக்கு அல்ல, பெருந்தொகையானோர் பார்க்கக்கூடிய சில போட்டிகளுக்கு. தலைக்கு 7 மில்லியன் பெறும் ஒரு கூட்டமைப்பும் 4 மில்லியன் பெறும் ஒரு கூட்டமைப்பும் சம அளவில் இணைந்தால், மொத்த விலை உயராதவரை தலைக்கு வருவது ஐந்தரை மில்லியன்தான். முதலாமவர் ஏன் சம்மதிக்கவேண்டும்? இணைப்பினால் புதிதாக உருவாகும் பெரிய போட்டிகள் ஒரு கைவிரலுக்குள் அடங்கும். ஆகவே இணைப்பு எப்போதும் ‘இரண்டு பக்கத்தின் நல்லவர்கள் மட்டும்’ என்ற திட்டமாகத் தேய்கிறது. அது இணைப்பல்ல; தெரிவுசெய்து எடுத்தல்.

இரண்டாவது, ஒற்றை ஆசனம். 2024 முதல் தேசிய சம்பியனைத் தீர்மானிக்கும் இறுதிச் சுற்றில் பன்னிரண்டு அணிகள். கீழ்த்தட்டுக் கூட்டமைப்புகள் அத்தனைக்குமாக உறுதியாகக் கிடைப்பது ஓர் இடம். 2024இல் போய்சி ஸ்டேட் அதைப் பெற்று, காலிறுதியில் பென் ஸ்டேட்டிடம் 31–14 எனத் தோற்றது. 2025இல் விதிவிலக்காக டியூலேன், ஜேம்ஸ் மடிசன் ஆகிய இரண்டுக்கும் இடம் கிடைத்தது. இரண்டும் முதற்சுற்றில் வெளியேறின. இருபத்துநான்கு அணிகள் ஒரே அமைப்பில் சேர்ந்தாலும் ஆசனம் இரண்டாகப்போவதில்லை. 2026இலிருந்து ஆறு வருடங்களுக்கு இந்த இறுதிச் சுற்றுக்காக இ.எஸ்.பி.என். தரவிருப்பது 7.8 பில்லியன் டொலர். அதில் பாதிக்கும் அதிகம் இரண்டு பெரிய கூட்டமைப்புகளுக்கு. போட்டியின் வடிவத்தைத் தீர்மானிக்கும் அதிகாரமும் பெருமளவில் அவர்களிடமே. பங்கிடும் விதியை எழுதுபவர் எதிர்த்தரப்பில் இருக்கும்போது, இந்தப் பக்கத்தில் தலைகளைக் கூட்டுவதால் விதி மாறாது.

மூன்றாவது, எல்லோரையும்விட முக்கியமான உறுப்பினரின் மனநிலை. நடுத்தரக் கூட்டமைப்பின் பலமான உறுப்பினர் எப்போதும் ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறார். போய்சி ஸ்டேட் இதற்கு நல்ல உதாரணம். 2011இல் மவுன்டன் வெஸ்ட்டை விட்டுப் போக முடிவெடுத்து, ஒரு வருடத்தில் மனம் மாறி, ஏனையோரைவிடக் கூடுதல் பங்கு என்ற சலுகையுடன் தங்கியது. அந்தச் சலுகை ஏனையோருக்கு உறுத்தலாக இருந்தது. 2020 ஜனவரியில் அதே சலுகை தொடர்பில் போய்சி ஸ்டேட் தன் கூட்டமைப்பு மீதே வழக்குப் போட்டது. 2024இல் முதலில் போனவர்களில் அதுவும் ஒன்று. பலமானவரைத் தக்கவைக்கக் கூடுதலாகக் கொடுத்தால் மற்றவர்கள் கசந்துபோகிறார்கள். கொடுக்காவிட்டால் அவர் போய்விடுகிறார். இந்தப் பொறியிலிருந்து தப்ப எந்த நடுத்தரக் கூட்டமைப்பும் இன்னும் வழி காணவில்லை.

விலை கொடுப்பவர்கள்

இந்தக் கணக்குகளில் அடிக்கடி காணாமல் போவது மாணவர்கள். புட்போல் அணி வாரத்துக்கு ஒருமுறை ஆடுகிறது. ஆனால் கூட்டமைப்பு மாறும்போது கரப்பந்தாட்டம், சொப்ட்போல், டென்னிஸ் ஆடுபவர்களும் சேர்ந்தே இடம்பெயர்கிறார்கள். அவர்கள் வாரத்தின் நடுவில் நேர வலயங்களைக் கடந்து பயணம் செய்து, திரும்பிவந்து பரீட்சைக்கு அமரவேண்டும். தொலைக்காட்சிப் பணம் அவர்களது ஆட்டத்துக்காக வருவதில்லை. பயணத்தின் களைப்பு மட்டும் வருகிறது.

நடுத்தரப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விளையாட்டுத் துறையின் பற்றாக்குறையை நிரப்புவது மாணவர்களிடம் அறவிடப்படும் கட்டணமும் பல்கலைக்கழகப் பொது நிதியுமே. 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த இணக்கப்பாட்டின்படி, வீரர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் நேரடியாகப் பணம் கொடுக்கலாம். 2025–26க்கான உச்சவரம்பு ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர். இத்தனை காலமும் ஊதியமின்றி உழைத்த இளைஞர்களுக்கு இது கிடைக்கவேண்டிய நீதி. ஆனால் ஒளிபரப்பில் 4 மில்லியன் பெறும் ஒரு பல்கலைக்கழகம் அந்த வரம்பின் அருகில்கூடப் போகமுடியாது. நல்ல வீரன் ஒரு பருவம் ஒளிவிட்டால் அடுத்த பருவம் மேலே போய்விடுகிறான்.

2014 டிசெம்பரில் அலபாமா-பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகம் செலவைக் காரணம் காட்டித் தன் புட்போல் அணியையே கலைத்தது. இரண்டு வருடங்களுக்கு முன் பதினாறு பேர் கொண்ட மாபெரும் இணைப்பில் கையெழுத்திட இருந்தவர்களில் அதுவும் ஒன்று. அந்த அணியை மீட்டது எந்தக் கூட்டமைப்பும் அல்ல. நகரத்து மக்களும் பழைய மாணவர்களும் நன்கொடையாளர்களும் பணம் திரட்டினார்கள். 2017இல் அணி மீண்டும் களமிறங்கியது.

அப்படியானால் எது வழி?

ஒன்றிணைவது வீண் என்பது இதன் முடிவல்ல. எதற்காக, எந்த விதியின் கீழ் ஒன்றிணைவது என்பதே கேள்வி.

நான்கு தடவையும் பேசப்பட்டது ஒரே அமைப்பாவது பற்றி. கொடி, பெயர், தலைமையகம், ஆணையாளர் எல்லாம் ஒன்றாகவேண்டும் என்ற எண்ணம். ஆனால் நடுத்தரக் கூட்டமைப்புகளுக்கு உண்மையில் பொதுவாக இருப்பது ஓரிரு கோரிக்கைகள் மட்டுமே: இறுதிச் சுற்றில் நியாயமான இடம், ஒளிபரப்புப் பணத்தில் நியாயமான பங்கு, ஒருவர் உறுப்பினரை மற்றவர் பிடுங்காதிருத்தல். இவற்றுக்கு ஓர் அமைப்பாகவேண்டியதில்லை. ஒரே குரலில் பேசினால் போதும். 2021ஆம் ஆண்டின் கடிதம் இதற்கு மிக அருகில் வந்தது. அதில் இல்லாதிருந்தது மீறுபவர் இழப்பதற்கான ஏற்பாடு. 2024இல் அந்த ஏற்பாடு தண்டப்பண வடிவில் இருந்தது. ஆனால் அது ஒரு பக்கத்தை மட்டும் கட்டியது. ஒரு வருட ஆட்ட அட்டவணைக்காக அவசரத்தில் ஒப்புக்கொண்டதாகக் கையெழுத்திட்டவரே பின்னர் வாதிட்டார்.

இன்னொரு கதவும் திறக்கப்படலாம். தொழில்முறை அணிகள் ஒளிபரப்பு உரிமையை ஒன்றாக விற்பதற்கு 1961ஆம் ஆண்டின் விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம் அனுமதிக்கிறது. கல்லூரிகளுக்கு அந்த விலக்கு இல்லை. அதைக் கல்லூரிகளுக்கும் நீட்டவேண்டும் என்ற சட்டமூலமொன்றை 2025இல் செனட் சபையில் முன்வைத்தவர்களில் முதன்மையானவர் மரியா கன்ட்வெல். அவர் பிரதிநிதித்துவம் செய்வது வொஷிங்டன் மாநிலத்தை. கைவிடப்பட்ட இருவரில் ஒருவரின் மாநிலம் அது. பெரிய கூட்டமைப்புகள் இந்த யோசனையை வரவேற்கவில்லை என்பதில் வியப்பில்லை. 1984இல் உச்ச நீதிமன்றம் உடைத்த கூட்டு விற்பனையை, இம்முறை சிறியவர்களின் பாதுகாப்புக்காக மீளக் கட்டமுடியுமா என்பதே அங்கே விவாதம்.

பக்-12இன் புதிய பருவம் எப்படி அமையும் என்பதை மைதானம் சொல்லும். அதன் எட்டு உறுப்பினர்களில் மேலிருந்து அழைப்பு வந்தால் மறுக்கக்கூடியவர் யார் என்பதைத்தான் யாராலும் சொல்லமுடியவில்லை. மவுன்டன் வெஸ்ட்டின் ஐந்து பேரை எடுத்துத் தன்னை மீளக்கட்டிய அமைப்பு, நாளை தன்னிடமிருந்து இருவர் போகும்போது எந்த நியாயத்தைப் பேசும்? கீழே இருப்பவரைப் பிடுங்கி மேலே ஏறலாம் என்ற விதியை நடுத்தரத்தார் தமக்குள் கைவிடாதவரை, அவர்கள் செய்யும் ஒவ்வோர் இணைப்பும் அடுத்த பிரிவுக்கான ஆட்சேர்ப்பாகவே முடியும்.